கொசு மட்டை: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

என் தாயாருக்கு நாள்பட்ட மூச்சிரைப்பு உண்டு. கொசுவத்திச் சுருளின் புகை அறைக்குள் பரவத் தொடங்கியதும் அவருக்கு இருமல் வந்துவிடும். சுவரில் செருகிச் சூடேற்றும் திரவக் கொசுவிரட்டியும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னல்கள் அனைத்துக்கும் வலை அடித்த பிறகும், கதவைத் திறந்து மூடும் இடைவெளியில் நான்கைந்து கொசுக்கள் எப்படியோ உள்ளே வந்துவிடுகின்றன. அந்த நான்கைந்து கொசுக்களுக்காகவே, கொசு பேட் என்று எல்லோரும் சொல்லும் மின்மட்டையை வாங்கினேன். இரண்டு ஆண்டுகளில் இரண்டு மட்டைகள் கைக்கு வந்தன. முதலாவது ஓராண்டு நிறைவதற்குள் ஓய்ந்துவிட்டது, இரண்டாவது இன்றுவரை நன்றாக உழைக்கிறது. ஒரே வார்ப்பில் செய்தவை போன்ற மட்டைகள் பல பெயர்களில் விற்பனைக்கு வருவதால், பெயரைப் பார்ப்பதைவிட உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்குவதே பயன் தரும் என்று கருதி, நிறுவனங்களின் பெயர்களை இங்கே சேர்க்கவில்லை.

இக்கருவியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மட்டை, கண்ணில் படும் பூச்சியைக் கொல்லும். கண்ணில் படாததை ஒன்றும் செய்யாது. வலை அடித்த அறைக்குள் தப்பி நுழைந்த சில கொசுக்களைத் தீர்ப்பதற்கு இதைவிடத் தூய்மையான வழியை நான் கண்டதில்லை: புகை இல்லை, மருந்து நெடி இல்லை, சுவரில் இரத்தக் கறை படிவதில்லை. ஆனால் ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, கூட்டமாக வரும் கொசுக்களை அடித்துத் தீர்த்துவிடலாம் என்று எண்ணி வாங்குபவர் ஏமாற்றமே அடைவார். வெப்பமான பருவத்தில் முட்டை பொரிந்து முழுக் கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை அகற்றாத வரை எந்த மட்டையும் அந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்காது.

முதல் மட்டை ஓய்ந்தபின் அதன் கைப்பிடித் திருகாணிகளைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தவை மிகச் சில: ஒரு பேட்டரி, விரல் நகத்தளவு மின்மாற்றி, ஒரு டிரான்சிஸ்டர், சில டையோடுகள், தட்டையான சிவப்புக் கெப்பாசிட்டர்கள், ஓரிரு மின்தடைகள். பொத்தானை அழுத்தியதும் டிரான்சிஸ்டர் பேட்டரியின் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. மின்மாற்றி அதைச் சில நூறு வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. டையோடுகளும் கெப்பாசிட்டர்களும் அடுக்கடுக்காக அதைப் பெருக்கி, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோய் வலையில் நிறுத்துகின்றன. உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே மின்பொறிக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவைப்படும். வலை அடுக்குகளுக்கு நடுவே அதைவிடச் சில மடங்கு இடைவெளி இருப்பதால், வெறும் காற்றில் பொறி பாய்வதில்லை. கொசுவின் உடல் அந்த இடைவெளிக்குள் வந்து அதன் பெரும்பகுதியை அடைத்ததும், மிச்சமிருக்கும் மயிரிழை அளவு காற்றைத் தாண்டிப் பொறி பாய, கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்னூட்டம் பூச்சியின் உடல் வழியாகக் கணப்பொழுதில் இறங்கிவிடுகிறது. நமக்குச் சட்டென்று கேட்கும் ஓசை அதுதான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் வோல்ட் எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. பேட்டரி தளர்ந்தாலோ, வலையில் தூசி படிந்தாலோ, அந்த எண் வலைக்கு வந்து சேர்வதே இல்லை. அதைவிட முக்கியமானது வலையின் கட்டமைப்பு. பெரும்பாலான மட்டைகளில் மூன்று அடுக்கு வலை உண்டு. வெளிப்புறத்து இரண்டும் ஒரு முனையோடும், நடுவில் இருப்பது எதிர்முனையோடும் இணைக்கப்பட்டிருக்கும். வெளிவலைகள் சற்று நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்தால் விரல் உள்ளே போய் நடுவலையைத் தொடாது. எனினும் கொசு நுழையும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். என் முதல் மட்டையில் வெளிவலை மெல்லிய கம்பியால் ஆனது. ஒரு முறை நாற்காலி முனையில் பட்டு உட்பக்கமாகக் குழிந்ததும், பூச்சியே இல்லாமல் பொறி பறக்கத் தொடங்கியது. பெருவிரலால் அழுத்தினால் வலை எளிதில் வளைந்துகொடுக்கிறதா என்பதை, மட்டையை அணைத்து வைத்த நிலையில் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

பயன்படுத்தும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் டென்னிஸ் ஆடுவதுபோல் மட்டையை வீசிவிட்டு, இது வேலை செய்யவில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கையால் அடிக்கும்போது உள்ளங்கைக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே கொசுவை விலக்கிவிடுகிறது. வலை, காற்றைத் தன் வழியே விட்டுவிடுவதால் அந்த எச்சரிக்கை பூச்சிக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்கரான ராபர்ட் மான்ட்கோமரி 1900-இல் காப்புரிமை பெற்ற ஈயடிப்பான் கம்பி வலையால் ஆனதற்கும் இதே காரணந்தான். ஆகவே வேகம் தேவையில்லை. பறக்கும் கொசுவின் பாதையில் மட்டையை நிதானமாகக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். கொசு தானே வந்து படும்.

சுவரில் அமர்ந்த கொசுவுக்கு வேறு முறை. ஒரு நாள் மாலை, என் தாயாரின் கட்டிலுக்கு மேலே, வெள்ளைச் சுவரில் ஒரு கொசு அமர்ந்திருந்தது. வயிறு செந்நிறத்தில் உப்பி, பின்னங்கால்கள் இரண்டும் மேல்நோக்கி வளைந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. இரத்தம் குடித்த பெண் கொசு ஏறத்தாழத் தன் எடைக்கு ஈடான சுமையைச் சுமப்பதால், தொலைவு பறக்காமல் பக்கத்துச் சுவரிலேயே ஓய்வெடுக்கும். மட்டையைச் சுவரில் அறையாமல், இரு விரல் இடைவெளியில் சுவருக்கு இணையாகப் பிடித்துப் பொத்தானை அழுத்தியபடி மெதுவாக நெருக்கினேன். வலை அருகில் வந்ததும் கொசு எழும்பியது. எழும்பியது நேராக வலைக்குள்தான். ஒரு நீலப் பொறி, ஒரு சொடக்கு ஓசை, அவ்வளவே. அதன் கால் ஒன்று நடுவலைக் கம்பியில் சிக்கித் தொங்கியது. அந்த நிலையில் பொத்தானை உடனே விட்டுவிடக் கூடாது. கொசு பல வேளைகளில் மயங்கி மட்டுமே விழுகிறது. சில நிமிடங்களில் தரையிலிருந்து எழுந்து மீண்டும் பறந்துபோனதை நானே கண்டிருக்கிறேன். இரண்டு மூன்று வினாடிகள் கூடுதலாக அழுத்திப் பிடிப்பதும், கீழே விழுந்ததைக் காகிதத்தில் எடுத்து நசுக்கிவிடுவதும் தேவை.

பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவைப் பிடிக்க இன்னும் பொறுமை வேண்டும். டெங்குவைப் பரப்பும் இக்கொசு, மேசைக்கு அடியிலும் திரைச்சீலையின் மடிப்பிலும் கருநிற ஆடைகளின் மறைவிலும் ஒதுங்கியிருந்து, கணுக்காலைத் தேடி வரும். மேசைக்கு அடியில் மட்டையைக் கால்களின் அருகே தாழ்வாகப் பிடித்தபடி சில நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பலன் தந்த முறை. நம் மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும் தோலின் வாடையும் அதைத் தாமாகவே அழைத்து வந்துவிடும்.

ஈக்களைப் பொறுத்தவரை மட்டை ஓரளவே உதவுகிறது. ஈயின் கண் அசைவைக் கண்டறிவதில் நம் கண்ணைவிடப் பல மடங்கு விரைவானது. மேலும் அதன் உடல் கனத்துக்கு ஒரு பொறி போதாது. ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருக்கும் ஈயை மட்டும் எளிதில் மடக்கலாம். உணவு மேசையின் மேல் ஈயை அடிப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும், ஏனெனில் பொறி பாயும்போது பூச்சியின் உடல் வெடித்து, அதன் துணுக்குகளும் அதில் உள்ள கிருமிகளும் சுற்றிலும் தெறிக்கும். பழத்தின் மேல் மொய்க்கும் சிற்றீக்கள் பொறி பாயும் அளவுக்கு இடைவெளியை நிரப்பாததால் பல முறை வலைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. விட்டில்கள் வலையில் ஒட்டிக்கொண்டு கருகி நாற்றமெடுக்கின்றன. வழி தவறி வந்த தேனீயை இதனால் தொடாமல், ஒரு குவளையால் மூடி வெளியே விட்டுவிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சில மட்டைகளை நிலைத்தாங்கியில் நிறுத்தி, ஊதா விளக்கை எரியவிட்டு, இரவு முழுவதும் பூச்சி பிடிக்கும் பொறியாகவும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். என் இரண்டாவது மட்டையில் அந்த வசதி இருக்கிறது; பல இரவுகள் வைத்துப் பார்த்தேன். காலையில் தட்டில் கிடந்தவை சிறு அந்துப்பூச்சிகளே. கொசு அரிதாகவே இருந்தது. இது என் மட்டைக்கு மட்டும் உரிய குறையன்று. 1996-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெளியில் மாட்டிய புற ஊதா விளக்குப் பொறிகளில் இறந்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்தபோது, கடிக்கும் பூச்சிகள் அவற்றில் 31 மட்டுமே இருந்தன. கொசுவை முதன்மையாக ஈர்ப்பவை நம் மூச்சும் உடலுமேயன்றி விளக்கு அன்று. எனவே இந்த வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே என் உறுதியான கருத்து.

இனிப் பாதுகாப்பு. வலையில் தேங்கும் மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால், நலமாக உள்ள பெரியவருக்குச் சுரீரென்ற வலியோடு அது முடிந்துவிடும். ஆனால் பொத்தானை விட்ட பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் மிஞ்சியிருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. முதல் மட்டையைத் துடைக்கப் போனபோது, பொத்தானை விட்டு ஐந்தாறு வினாடிகள் கழிந்த பின்னும் என் விரலில் பலமாக அடித்தது. நல்ல மட்டையில் அந்த மிச்சத்தை விரைவில் வடித்துவிட ஒரு மின்தடை பொருத்தியிருப்பார்கள். துடைப்பதற்கு முன், பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியால் உள்வலையையும் வெளிவலையையும் ஒருசேரத் தொட்டு மிச்சத்தைப் போக்கிவிட்டு, பிறகே உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. பூச்சி மருந்தைத் தெளித்த அறையிலோ, சமையல் எரிவாயு கசியும் வாடை தெரியும் இடத்திலோ, கை துடைக்கும் ஆல்கஹால் திரவத்தின் அருகிலோ மட்டையை எடுக்கவே கூடாது. அந்தச் சிறு பொறி தீப்பற்றப் போதுமானது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரும் சிறு குழந்தைகளும் இதைக் கையாளாதிருப்பதே நலம்.

முதல் மட்டை ஓய்ந்ததன் காரணம் பேட்டரி. கைப்பிடியின் அடியிலிருந்தே மின்செருகி வெளியே வரும் வகை மட்டை அது; உள்ளே இருந்தது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. இவ்வகை பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிப்போய், பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. கொசு குறைந்த பருவத்தில் மூன்று மாதங்கள் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தபோது, சிவப்பு விளக்கு எரிந்தது, வலையில் உயிரில்லை. மலிவான மட்டைகள் பலவற்றில் சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்கும் ஏற்பாடும் இருப்பதில்லை. குறிப்பில் சொன்ன நேரத்துக்கு மேல் செருகி வைத்தால் பேட்டரி உப்பிவிடும். இவற்றில் உட்சுற்று வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைந்திருப்பதால், சார்ஜில் இருக்கும்போது பொத்தானை அழுத்துவதோ வலையைத் தொடுவதோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாவது மட்டையில் லித்தியம் அயான் பேட்டரி. கைப்பேசிக்குரிய கம்பியிலேயே சார்ஜ் ஏறுகிறது, நிறைந்ததும் விளக்கு பச்சையாகிவிடுகிறது. நாள்தோறும் மாலையில் பயன்படுத்தியும் வாரக்கணக்கில் தாங்குகிறது, எடையும் குறைவு. அதனால் இப்போது என் தாயாரே கட்டிலில் அமர்ந்தபடி இதைக் கையாள்கிறார். இதில் நான் கண்ட குறை ஒன்றுதான். பாதுகாப்புக்காக நகர்த்தும் ஸ்விட்சைத் தள்ளிய பின்பே பொத்தான் வேலை செய்யும் ஏற்பாடு சரியானதே என்றாலும், அந்த ஸ்விட்ச் மிகச் சிறியதாகவும் இறுக்கமாகவும் இருப்பதால், மூட்டு வலியுள்ள அவருடைய விரலுக்கு அது அசைய மறுக்கிறது. மாலையில் நான் அதை நகர்த்தி வைத்துவிட்டு, இரவில் அவர் உறங்கியதும் அணைத்து வைக்கிறேன். அடுத்த மட்டையை வாங்கும்போது அவரையும் உடன் அழைத்துச் சென்று, அவர் விரலாலேயே ஸ்விட்சைத் தள்ளிப் பார்க்கச் சொல்வேன்.