காலைப் பாட்டு நிகழ்ச்சியில் இரண்டு குரல்: இரண்டு வருடம் கேட்டபின்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தையல் கூடத்தில் காலையில் போடும் ரேடியோ, கடை சாத்தும்போதுதான் நிற்கும். நாங்கள் வழக்கமாகக் கேட்கும் பண்பலையில் ஒரு பெண் தொகுப்பாளர் தனியாக நடத்தி வந்த பாட்டு நிகழ்ச்சிக்கு ஓர் ஆண் தொகுப்பாளரையும் சேர்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நிலையத்தின் பெயர் வேண்டாம்.

ஜோடி என்றால் ஆண் குரலும் பெண் குரலுமாக இருப்பதே நல்லது. ஓவர்லாக் மெஷின் இரைச்சலிலும் யார் பேசுகிறார் என்று பிரித்து அறிய முடிகிறது. ஞாயிறுகளில் இரண்டு ஆண்கள் பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கேலி செய்தவர் யார், கேலிக்கு ஆளானவர் யார் என்றே பிடிபடாது.

என் பெரிய குறை, பாட்டின் தொடக்க இசை. தனியாக இருந்தபோது அந்த அம்மா கணக்காகப் பேசுவார். பாடகர் வாய் திறக்கும் முன்பே தன் பேச்சை முடித்துவிடுவார். இப்போது இவர் முடித்தால் அவர் ஒரு பதில் சொல்கிறார், அதற்கு இவர் சிரிக்கிறார். அதற்குள் பல்லவியின் முதல் வரி போய்விடுகிறது. இசையமைப்பாளர் வயலின்களை அடுக்கி வைத்தது இவர்கள் சிரிப்புக்குப் பின்னணியாகவா? விவித பாரதியில் படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று ஒழுங்காகச் சொல்லிக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பொறுக்கவில்லை. இந்த ஜோடி வந்தபின் பாடலாசிரியர் பெயர் காதில் விழுவதே அபூர்வம்.

கூடத்தில் ஒருமித்த கருத்து கிடையாது. “பாட்டுக் கேட்கப் போட்டால் இவர்கள் வீட்டுக் கதை எதற்கு?” என்பார் கட்டிங் மாஸ்டர். காஜா எடுக்கும் அக்காவோ, “பேச்சுத் துணை இருந்தால்தான், தம்பி, கை ஓடுகிறது” என்கிறார். பாட்டு மாறினாலும் அவருக்குக் கவலையில்லை. அந்த இருவரும் சண்டை போட்டால்தான் கவலை.

ஆனால் ஒருநாள் அந்த ஆண் தொகுப்பாளர், விஸ்வநாதன் ராமமூர்த்தி என்பதை ஒரே ஆளின் பெயராக நினைத்துப் பேசிக்கொண்டே போனார். அந்த அம்மா இடைமறித்து, அவர்கள் இருவர், 1965இல் பிரிந்தார்கள், அதன்பின் விஸ்வநாதன் தனியாக இசையமைத்தார் என்று விளக்கினார். “அப்படியானால் எந்த மெட்டு யாருடையது?” என்று அவர் கேட்டது எழுதிக் கொடுத்த கேள்வியாகத் தோன்றவில்லை. கட்டிங் மாஸ்டரே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். தெரியாதவர் ஒருவர், தெரிந்தவர் ஒருவர் என்று அமைந்தால் ஜோடிக்கு வேலை இருக்கிறது. தயாரித்து வைத்த கேலிக்கு ஒருவரே அதிகம்.

காலை நேரத்துக்கு இந்த ஜோடி இருக்கட்டும். தொடக்க இசையின்போது இரண்டு மைக்கையும் மூடிவிட்டால் போதும். இரவு நிகழ்ச்சிக்கும் இதே இருவரைக் கொண்டுவரப்போவதாக விளம்பரம் ஓடுகிறது. அதை நான் கேட்கப் போவதில்லை, அக்கா கேட்பார்.