புது பாலாஸ்ட் கட்டுப்பாடு: ஐந்து வருடம் ஓட்டிப் பார்த்ததில்

விடுப்பில் மலேசியாவில் உள்ள எங்கள் ஊரான காப்பாருக்கு வரும்போதெல்லாம் அக்கா மகன் கேட்பான்: "மாமா, அந்தப் புது சிஸ்டம் நல்லா இருக்கா?" அவனும் கப்பல் வேலைக்குத்தான் படிக்கிறான். சரி, விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

பாரம் தூக்கும் கப்பல் ஒன்றில் நான் எலக்ட்ரிக்கல் ஆபீசர். கப்பலைச் சமநிலையில் வைக்க டேங்குகளில் ஏற்றும் நீர்தான் பாலாஸ்ட். 2020-இல் எங்கள் கப்பலுக்கு ரிமோட் வால்வு, டேங்க் சென்சார், தானாகச் சாய்வைச் சரிசெய்யும் பம்ப், புற ஊதாக் கதிரால் பாலாஸ்ட் நீரைச் சுத்திகரிக்கும் கருவி எல்லாம் புதிதாகப் போட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சாய்வுக் கட்டுப்பாடுதான். கிரேன் பக்கவாட்டில் பாரத்தைத் தூக்கினால் கப்பல் அந்தப் பக்கம் சாயும். முன்பு ஒருவர் சாய்வுமானியைப் பார்த்து வாக்கிடாக்கியில் சொல்ல, இன்னொருவர் பம்பை ஓட்டுவார். இப்போது நீர் தானாகவே எதிர்ப்பக்கம் போகிறது. ஆனால் அந்த டேங்குகள் பாதிதான் நிறைந்திருக்கும். என் அம்மா தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர். அரை வாளிப் பால் தளும்பினால் நடையே தடுமாறும் என்பார். கப்பலிலும் அப்படித்தான்: பாதி நிறைந்த டேங்கில் நீர் அலைந்தால் நிலைத்தன்மை குறையும். கணினி அதையும் கணக்கில் சேர்த்து ஜிஎம் அளவை (கப்பலின் நிலைத்தன்மையைச் சொல்லும் எண்) உடனுக்குடன் காட்டுவது பெரிய உதவி.

சுத்திகரிப்புக் கருவியைக் கடலில் குறை சொல்ல முடியாது. கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தால்தான் சோதனை. ஆறு கொண்டுவரும் வண்டலில் கதிர் ஊடுருவாது, வடிகட்டி ஓயாமல் தன்னைக் கழுவிக்கொண்டே இருக்கும். பாலாஸ்ட் எடுக்க இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குகிறோம். பாலாஸ்ட் நீர் பற்றி 2017-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை இருக்கும்போது இதைத் தவிர்க்க வழியில்லை. ஒரு கடலின் உயிரியை இன்னொரு கடலில் கொட்டக்கூடாது என்பதும் நியாயம்தான்.

அதே வண்டல் மூன்றாம் வருடம் வேறு வேலை செய்தது. ஒரு பக்க டேங்கின் அழுத்த சென்சார் வாயில் சேறு அடைத்து, பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்தது. அலாரம் இல்லை, திரை முழுக்கப் பச்சை. கப்பலின் மிதவை ஆழக் குறியும் கணினி சொன்ன ஆழமும் ஒத்துப்போகவில்லை என்று கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட்தான் கண்டுபிடித்தார். டேங்குக்குள் நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளந்தால், அதாவது சவுண்டிங் எடுத்தால், நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015-இல் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பிய ஹோயெக் ஒசாகா என்ற கார் கப்பல் பயங்கரமாகச் சாய்ந்து மணல்திட்டில் தரைதட்டியது. அதன் பாலாஸ்ட் டேங்குகளில் இருப்பதாக மதிப்பிட்ட அளவும் உண்மையில் இருந்த அளவும் வேறுவேறு என்று விசாரணையில் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு பெரிய தூக்கலுக்கு முன்னாலும் கையால் சவுண்டிங் எடுக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சிஸ்டத்தை வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் சென்சாரும் புற ஊதா விளக்கும் உதிரியாகக் கையில் இருக்க வேண்டும். அடுத்த டிரை டாக்கில் (கப்பலை நீரிலிருந்து வெளியே வைத்துப் பழுதுபார்க்கும்போது) அந்தப் பக்க டேங்குகளுக்கு மேலிருந்து அளக்கும் ரேடார் சென்சார் கேட்டிருக்கிறேன்.