சிஎம்வி தடுப்பூசி: ஆன்டிபாடி கணக்கில் பின்தங்கியது களத்தில் முந்தியது ஏன்?

குழந்தைகளின் காது கேளாமைக்கு, பரம்பரைக் காரணங்களை விட்டுவிட்டால், முதலிடத்தில் இருப்பது சைட்டோமெகலோ வைரஸ் (சிஎம்வி). தாயிடமிருந்து கருவுக்குப் போகும் கிருமி இது. 1970-களிலிருந்தே தடுப்பூசி தேடுகிறார்கள், இன்னும் ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. பெண்களிடம் சோதித்துப் பார்த்த மூன்றை அருகருகே வைத்தால் ஒரு விநோதம் தெரிகிறது.

முதலாவது, வைரஸின் மேலுறையில் இருக்கும் ஜி-பி என்ற ஒரே புரதத்தை நோயெதிர்ப்பை முடுக்கும் எம்எஃப்59 என்ற ஊக்கியோடு கலந்த ஊசி. 2009-இல் வெளியான முடிவில், தொற்று 50% குறைந்தது. ஆனால் 464 பேர் மட்டுமே சேர்ந்த சோதனை அது. உண்மையான பலன் 7 முதல் 73% வரை எங்கும் இருக்கலாம் என்றது புள்ளியியல்.

அடுத்து மெர்க் நிறுவனத்தின் வி160. ஆய்வகத்தில் பலகாலம் வளர்த்த ஏடி169 என்ற சிஎம்வி ரகம், உடலின் பரப்புகளை மூடும் எபிதீலியல் செல்லுக்குள் நுழைய உதவும் பென்டமர் என்ற ஐந்து புரதக் கூட்டை இழந்திருந்தது. அதைத் திரும்பப் பொருத்தி, உடலுக்குள் பெருக முடியாதபடி முழு வைரஸையே ஊசியாக்கினார்கள். பலன் 42.4%. ஆனால் பிழை வரம்பு பூஜ்யத்துக்குக் கீழும் போனதால், தேறவில்லை.

மூன்றாவது, மாடர்னாவின் எம்ஆர்என்ஏ-1647. ஜி-பியும் பென்டமரும் சேர்ந்தது, இவற்றைச் செய்ய உடலுக்குக் குறிப்பு தரும் ஆறு எம்ஆர்என்ஏக்கள் ஊசிக்குள். தாளில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். பென்டமருக்கு எதிரான ஆன்டிபாடிகள் எபிதீலியல் செல்லில் வைரஸை மிக வலுவாக முடக்குபவை. 2025 அக்டோபரில் வந்த முடிவோ, தொற்றை வரையறுக்கும் விதத்தைப் பொறுத்து வெறும் 6 முதல் 23%. கருவுக்கான திட்டத்தைக் கைவிட்டார்கள்.

சரி, மூன்று சோதனைகளும் ஒரே மாதிரி நடக்கவில்லை, தொற்றைக் கண்டுபிடித்த முறையும் வேறு. அதனால் 50, 42, 23 என்று வரிசைப்படுத்திப் பதக்கம் கொடுக்க முடியாது. ஆனாலும் ஆன்டிபாடி வைரஸை எவ்வளவு முடக்குகிறது என்ற அளவை மட்டும் நம்பி ஊசி வடிவமைப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2018-இலேயே இரண்டு ஆய்வுக்குழுக்கள் பழைய ஜி-பி சோதனைகளின் ரத்த மாதிரிகளை அலசி, பாதுகாப்பு வந்தது முடக்கும் ஆன்டிபாடியால் அல்ல என்று சொல்லிவிட்டன. செல்லின் மேல் இயல்பான வடிவில் நிற்கும் ஜி-பியை ஆன்டிபாடி பிடிக்கிறதா என்பதுதான் பாதுகாப்போடு ஒத்துப்போனது என்று 2020-இல் இன்னொரு ஆய்வு.

இதில் ரக வேறுபாடும் குறுக்கிடுகிறது. ஊரில் சுற்றும் சிஎம்வி ஒரே அச்சில் வார்த்தது அல்ல. ஜி-ஓ, ஜி-என் புரதங்கள் ரகத்துக்கு ரகம் வெகுவாக மாறுகின்றன. ஜி-பியிலேயே முக்கியமாக ஐந்து மரபுவகைகள் உண்டு, அந்தப் பழைய ஊசியில் இருந்தது டவுன் ரகத்தின் முதல் வகை மட்டும். ரகம் மாறினாலும் அதிகம் மாறாத ஏடி-2 போன்ற பகுதி ஜி-பியில் இருக்கிறது. தொந்தரவு என்னவென்றால், இயற்கையாகத் தொற்று வந்தவர்களில் பலருக்கே அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாவதில்லை.

இந்தியாவுக்கு இது வெறும் ஆய்வகச் சங்கதி இல்லை. இங்கே பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே சிஎம்வி வந்துபோயிருக்கும். அப்படி ஏற்கெனவே ஆன்டிபாடி உள்ள தாய்க்கும் வேறு ரகம் மறுபடி தொற்றி, கருவுக்குப் போக முடியும் என்று 2001-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மேலே சொன்ன சதவீதங்களோ சிஎம்வி தொற்றாத பெண்களிடம் எடுத்தவை.

பணம் போடச் சொன்னால் ஜி-பி பக்கம்தான் போடுவேன், ஆனால் பழைய வடிவில் அல்ல. செல்லோடு இணைவதற்கு முன் அந்தப் புரதம் இருக்கும் வடிவம் 2021-இல்தான் தெளிவாகத் தெரியவந்தது. ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸின் தடுப்பூசியில், புரதத்தை இணைவதற்கு முந்தைய வடிவிலேயே உறையவைக்கும் உத்திதான் கைகொடுத்தது. அந்த வடிவில் உறையவைத்த ஜி-பி ஊசி ஒன்று வந்தால், ஏற்கெனவே தொற்றுள்ள பெண்களையும் சோதனையில் சேர்த்து, புது ரகம் நுழைகிறதா என்று மரபணு வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும்.