அமெரிக்காவில் ஆர்.டி. ஆக எந்த வழி? ப்ரிசெப்டரை யார் பிடித்துத் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள்

அமெரிக்காவில் ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன் (ஆர்.டி.), அதாவது பதிவு பெற்ற உணவியல் நிபுணர், ஆவதற்கான தேர்வை 2023 வரை இளங்கலைப் பட்டத்தோடு எழுத முடிந்தது. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு முதுகலை இல்லாமல் அந்தத் தேர்வுக்குப் புதிதாகத் தகுதி பெற முடியாது. தேர்வை நடத்தும் சி.டி.ஆர். அமைப்பின் விதி இது. ஆனால் அந்த முதுகலை ஊட்டச்சத்துப் பாடத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி கேட்பதில்லை. எம்.பி.ஏ.வும் செல்லும், பொதுச் சுகாதாரமும் செல்லும். பலர் கவனிக்காமல் விடும் வரி இது. கையில் ஏற்கெனவே ஒரு முதுகலை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கணக்கு மாறுவது இங்கேதான்.

எந்த வழியில் போனாலும் பொதுவாக இருப்பவை இவை. படிப்புக்கு, உணவியல் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏசெண்ட் அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். மேற்பார்வையில் செய்யும் பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம். அதில் 700 மணி நேரமாவது மருத்துவமனை, சமையற்கூடம், சமுதாய மையம் போன்ற உண்மையான பணியிடத்தில் கழிய வேண்டும்; மிச்சத்தை மாதிரி நோயாளி, கேஸ் ஸ்டடி என்று நிரப்பலாம். முடித்தால் ‘வெரிஃபிகேஷன் ஸ்டேட்மெண்ட்’ என்ற நிறைவுச் சான்று கிடைக்கும். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு, பெயருக்குப் பின்னால் ஒரே எழுத்துகள். ஆகவே ‘எது உயர்ந்த பட்டம்’ என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிப்பது வீண். பார்க்க வேண்டியது இரண்டு: பணம் எங்கே போகிறது, பயிற்சி இடத்தைப் பிடிக்கும் பாடு யார் தலையில் விழுகிறது.

எல்லாம் ஒரே கூரையின் கீழ்

பாடமும் பயிற்சியும் முதுகலையும் சேர்ந்தே வரும் படிப்புகள் முதல் வகை. புதிய பாணியில் வந்தவற்றை எஃப்.ஜி. என்றும், பழைய பாணியில் உள்ளவற்றை கோ-ஆர்டினேட்டட் புரோகிராம் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டு வருடம். எஃப்.ஜி.யில் சேர, டி.பி.டி. எனப்படும் அடிப்படைப் பாடத் தொகுப்பை முன்பே முடித்திருக்க வேண்டியதில்லை. உயிர்வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல் மாதிரி முன்பாடங்கள் இருந்தால் போதும். பார்மசியோ பயோடெக்கோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவருக்கு இதுதான் நேர்வழி. மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடுவது, ப்ரிசெப்டரை, அதாவது பயிற்சி தரும் டயட்டீஷியனை, ஒதுக்குவது எல்லாமே பல்கலைக்கழகத்தின் வேலை.

சிக்கல் எங்கே? இது குழுவாக நகரும் வண்டி. ஒரு ரொட்டேஷனில், அதாவது ஒரு பிரிவில் செய்யும் பயிற்சிச் சுற்றில், தேறாவிட்டாலோ, பிரசவம், உடல்நலக் குறைவு என்று நடுவில் இறங்கினாலோ, அடுத்த குழு அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்க நேரிடலாம். வேறு கல்லூரிக்கு மாறினால் செய்த மணி நேரங்கள் கூடவே வரும் என்று நம்பக் கூடாது. பட்டம் முழுதும் முடியாமல் ஸ்டேட்மெண்ட் கிடையாது. அது இல்லாமல் தேர்வும் கிடையாது.

டி.பி.டி. முடித்துவிட்டு இன்டர்ன்ஷிப்

இதுதான் பழைய ராஜபாட்டை. பாடங்களை முடித்து ஒரு ஸ்டேட்மெண்ட், பிறகு டி.ஐ. எனப்படும் டயட்டடிக் இன்டர்ன்ஷிப்பில் இன்னொன்று. இப்போது பல டி.ஐ.க்கள் முதுகலையோடு சேர்த்தே தருகின்றன, தனி டி.ஐ.யும் இருக்கிறது. முதுகலை கையில் உள்ளவருக்குத் தனி டி.ஐ. போதும், இன்னொரு பட்டத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. மருத்துவமனையே நடத்தும் இன்டர்ன்ஷிப்பில் நோயாளிகளின் வகையும் எண்ணிக்கையும் அதிகம் என்பதால், கிளினிக்கல் வேலைதான், அதாவது நோயாளிகளை நேரில் பார்க்கும் வேலைதான், குறி என்றால் எங்கள் ஓட்டு இதற்கே.

பணம் தரும் இடங்கள் கொஞ்சம் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனைகளின் இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை கிடைக்கும். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். ராணுவமும் பேலர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் ராணுவ அதிகாரியாகச் சம்பளத்தோடு படிக்கலாம். பதிலுக்குப் படித்த பின் ராணுவத்தில் பணியாற்றும் கடமை உண்டு. மற்றபடி இன்டர்ன் சம்பளம் வாங்குவதில்லை, பெரும்பாலும் கட்டணம் கட்டுகிறார். வேலை செய்வதற்கு நாமே பணம் கட்டுவதா என்ற ஆத்திரம் நியாயமானதுதான். ஆனாலும் நடைமுறை அதுதான்.

தொலைதூர இன்டர்ன்ஷிப்

இருக்கும் ஊரிலேயே பயிற்சி, நேரமும் வளைந்துகொடுக்கும். குழந்தை இருப்பவர்களுக்கும் துணையின் வேலையால் ஊர் மாற முடியாதவர்களுக்கும் இது பெரிய வரம். விலை என்னவென்றால், பெரும்பாலான தொலைதூரத் திட்டங்களில் ப்ரிசெப்டரை நீங்களே தேட வேண்டும்.

பள்ளி மதிய உணவுக்கூடம், தாய்-சேய் நலத்துக்கான விக் மையம், டயாலிசிஸ் மையம் ஆகியவை ஓரளவு எளிதில் அமையும். உள்நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனை ப்ரிசெப்டர்தான் குதிரைக்கொம்பு. அந்த டயட்டீஷியன் சரி என்றாலும் மருத்துவமனையின் சட்டப்பிரிவு உங்கள் திட்டத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு வரி காப்பீட்டு வாசகத்துக்காக அது மாதக்கணக்கில் இழுக்கும். இதற்குள் அவர் வேலை மாறிப் போயிருப்பார்!

அதனால் தேடும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் திட்டத்துக்கு ஏற்கெனவே எந்த மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் இருக்கிறது என்ற பட்டியலை முதலில் வாங்கி, அங்கிருந்து தொடங்குங்கள். மின்னஞ்சலை மனிதவளத் துறைக்கு அனுப்பினால் கிணற்றில் போட்ட கல். கிளினிக்கல் நியூட்ரிஷன் மேலாளரின் பெயரைக் கண்டுபிடித்து அவருக்கு எழுதுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பிரிவு என்பதை முதல் மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். தடுப்பூசிப் பதிவு, காசநோய்ச் சோதனை, பின்புலச் சரிபார்ப்பு எல்லாம் தயார் என்று நான்காவது வரியில் சேர்த்தால் பதில் வர வாய்ப்பு கூடும். கிளினிக்கலுக்கு மட்டும் மாற்று ஆள் ஒருவரைக் கைவசம் வைத்திருங்கள்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1000 மணி நேரம் என்பது வாரம் 40 மணி நேரமாக 25 வாரம். 24 மணி நேரமாக ஏறக்குறைய 42 வாரம். ‘பகுதிநேரம், எளிது’ என்று விளம்பரம் சொல்வதன் மறுபக்கம் இந்தப் பத்து மாதம்.

ப்ரிசெப்டர் அமையாதபோது கிளினிக்கல் மணி நேரங்களை மாதிரிப் பயிற்சிக்குத் தள்ளும் ஆசை வரும். அதில் எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஐ.சி.யு.வில் 60 கிலோ நோயாளி. கிலோவுக்கு 25 கலோரி என்றால் நாளைக்கு 1500. மி.லி.க்கு 1.5 கலோரி தரும் டியூப் ஃபீட் (குழாய் வழியே பம்பு செலுத்தும் திரவ உணவு) என்றால் 1000 மி.லி., அதாவது மணிக்கு ஏறத்தாழ 42 மி.லி. திரையில் இந்த விடை எழுதினால் முழு மதிப்பெண். வார்டில் சி.டி. ஸ்கேனுக்கு என்று பம்பை நிறுத்துவார்கள், திரும்ப ஓடவிட மறப்பார்கள். ஆறு மணி நேரம் போச்சு. உள்ளே போனது 756 மி.லி., 1134 கலோரி: தேவையில் கால் பங்கு காணோம். புரதம் தனிக் கதை. கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 72 கிராம் வேண்டும். லிட்டருக்கு 63 கிராம் உள்ள ஃபீட் என்றால் பம்பு நிற்காமல் ஓடினாலும் 9 கிராம் குறை. நர்ஸின் பதிவில் ‘உண்மையில் எத்தனை மி.லி. போனது’ என்று தேடிப் பார்க்கும் பழக்கம் வார்டில்தான் வரும். மாதிரி நோயாளியின் பம்பு ஒருநாளும் நிற்பதில்லை.

இந்தியப் பட்டத்தோடு வருபவர்களுக்கு

சென்னையிலோ கோவையிலோ எம்.எஸ்சி. முடித்து, அங்கேயே ஆர்.டி.யும் வாங்கியிருந்தாலும் அது இங்கே நேரடியாகச் செல்லாது. முதலில் மதிப்பெண் பட்டியலைப் பாடம் பாடமாக மதிப்பிட வேண்டும். சும்மா ‘பட்டம் சமம்’ என்று ஒரு பக்கக் கடிதம் போதாது. மூன்று வருட பி.எஸ்சி. தனியாக நான்கு வருட இளங்கலைக்கு ஈடாக மதிப்பிடப்படாமல் போகலாம். எம்.எஸ்சி.யையும் சேர்த்தே அனுப்புங்கள். அது அமெரிக்க முதுகலைக்குச் சமம் என்று மதிப்பீடு வந்தால் தனி டி.ஐ. வழி திறக்கிறது. வராவிட்டால் ஒருங்கிணைந்த முதுகலையே சிக்கனம்.

அடுத்து டி.பி.டி. இயக்குநர் உங்கள் பாடங்களில் எவற்றை ஏற்பது என்று முடிவு செய்வார். ஐந்து வருடத்துக்கு மேல் பழைய உயிர்வேதியியலையும் மருத்துவ ஊட்டச்சத்துப் பாடத்தையும் திரும்பப் படிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. எத்தனை பாடம், என்ன செலவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. உதவித்தொகை உள்ள இன்டர்ன்ஷிப்புக்கு வேலை அனுமதி வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்குப் பயிற்சி பட்டப்படிப்பின் பகுதியாக இருப்பதே பாதுகாப்பு, எனவே முதல் வகையே பொருத்தம்.

தேர்வு

குறைந்தது 125 கேள்வி, அதிகம் 145. ஒன்றுக்கு விடையளித்துவிட்டால் திரும்பிப் போய் மாற்ற முடியாது. 2022 முதல் 2026 வரைக்கான திட்டத்தில் நோயாளிப் பராமரிப்பு 45 விழுக்காடு. மேலாண்மை 21, உணவுச்சேவை 13: இரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்தியாவில் படித்தவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு மாதிரிக் கேள்வி: வருடம் முழுக்க தினமும் 8 மணி நேரம் ஆள் இருக்க வேண்டிய ஒரு பணியிடத்துக்கு எத்தனை முழுநேர ஊழியர்? 365-ஐ 8-ஆல் பெருக்கினால் 2920, ஒரு முழுநேர ஊழியரின் வருடக் கணக்கு 2080, வகுத்தால் 1.4. தோற்றால் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும்.

ஒரு திட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், தேர்ச்சி எண்ணைக் கேளுங்கள். முதல்முறை எழுதி ஒரு வருடத்துக்குள் தேறியவர்கள் மூன்று வருடச் சராசரியில் 80 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது ஏசெண்ட் வைத்திருக்கும் வரம்பு. அதோடு, கடந்த வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். தேர்ச்சி 95 என்று காட்டும் இடத்தில், முடிக்காமல் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.