பாட்டி போட்டோவுக்காக டாவின்சி ரிசால்வ் போட்ட கதை

தங்கச்சி கல்யாண ஆல்பம் வந்துச்சு, பூரா பொரட்டிப் பாத்தாச்சு, தாலி கட்டறப்ப எங்க பாட்டி கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சாங்களே அது மட்டும் இல்ல. வீடியோல இருக்கு. சரின்னு டிவில ஓடவிட்டு மொபைல்ல புடிச்சேன், மூஞ்சியெல்லாம் கோடு கோடா கண்றாவி. அப்புறம்தான் டாவின்சி ரிசால்வ்ங்கற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன் எறக்குனேன்.

ஸ்டில், அதாவது வீடியோல இருந்து ஒரு போட்டோ, எடுக்கறது சுலபம்தான். அதுல கலர் பேஜ்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க வேணுங்கற எடத்துல நிறுத்தி, வியூவர் மேல ரைட் கிளிக் பண்ணி கிராப் ஸ்டில் குடுத்தா கேலரில வந்து உக்காந்துக்கும், அங்கருந்து மறுபடி ரைட் கிளிக், எக்ஸ்போர்ட், பிஎன்ஜியோ டிஃப்போ உங்க இஷ்டம். வாட்டர்மார்க் கெடையாது. எனக்கு ரொம்பப் புடிச்சது, மண்டபத்து மஞ்ச வெளிச்சத்த கொறச்சு கலர் சரி பண்ணியிருந்தேன், அது அப்படியே ஸ்டில்லோட வந்துருச்சு. கூடவே டிஆர்எக்ஸ்னு ஒரு ஃபைல் வரும், படம் தெறக்கலயேன்னு பயந்துறாதீங்க, அது கலர் விவரம் மட்டும்தான்.

நான் சொதப்புன எடம் வேற. வீடியோ 4கே (3840x2160 புள்ளி), ஆனா ரிசால்வ்ல டைம்லைன், அதாவது வீடியோவ வெச்சு எடிட் பண்ற எடம், 1920x1080லயே கெடந்துச்சு, நான் கவனிக்கல. ஸ்டில் டைம்லைன் சைஸ்லதான் வரும். 300 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி வெச்சு, பிரிண்ட் போட்டா 6.4 இஞ்ச் அகலம்தான், மூக்குத்தி வெறும் வெள்ளப் புள்ளி. டைம்லைன 3840x2160னு மாத்தி திரும்ப எடுத்தேன், 12.8 இஞ்ச் வந்துச்சு, மூக்குத்தில கல்லு தனியா தெரிஞ்சுது.

அடுத்தது சரியான ஃப்ரேம் (வீடியோல வரிசையா ஓடற தனித்தனி படம்) தேடற வேல, இதுக்கு எந்த சாஃப்ட்வேரும் ஒதவாது. செகண்டுக்கு 25 ஃப்ரேம், மூணு செகண்டுக்கு 75, ஆரோ கீய தட்டித் தட்டி பாத்தா பாதில கை கலங்கியிருக்கு, அட்சதை எல்லாம் கோடா பறக்குது, மீதில கண்ணு மூடியிருக்கு. கை கன்னத்துல நின்ன ஒரே ஒரு ஃப்ரேம்தான் தேறுச்சு.

ஒரே ஒரு படம் போதும், கலர்லாம் தொட வேணாம்னா இவ்ளோ பெரிய சாஃப்ட்வேர் எதுக்கு, விஎல்சிங்கற வீடியோ பிளேயர்ல நிறுத்தி E கீய அமுக்கி ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தி Shift + S குடுங்க, வேல முடிஞ்சுது. கலர் முக்கியம்னா ரிசால்வ்தான், அதுக்கு என் மார்க் 5க்கு 4.

ஃபேமிலி குரூப்ல டாகுமெண்டா அனுப்புனேன், சும்மா போட்டோவா அனுப்புனா சுருக்கிடும்ல. பாட்டி பாத்துட்டு, "பக்கத்துல வாயப் பொளந்துட்டு நிக்கறானே, அவன வெட்டிருடா"ங்கறாங்க. வெட்டுனா சைஸ் கொறையும் பாட்டின்னா எங்க கேக்கறாங்க.