சூப்பர் டாக்குமார் 50 எம்.எம். எஃப்/1.4: எட்டா, ஏழா?

இது ஒரு பழைய கேமரா லென்ஸ். 1964-இல் ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் (பென்டாக்ஸ் கேமரா நிறுவனம்) வெளியிட்ட முதல் வடிவத்துக்குள் எட்டுக் கண்ணாடிகள். சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். சீக்கிரமே அதன் இடத்துக்கு ஏழு கண்ணாடி வடிவம் வந்துவிட்டது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஏழை எட்டு என்று சொல்லி விற்பது சகஜம். லென்ஸின் மேலுள்ள புல ஆழ அளவுகோலில் (எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை தெளிவாக விழும் என்று காட்டும் எண்வரிசை) அகச்சிவப்புக் குறி, அதாவது அகச்சிவப்புப் படத்துக்கு ஃபோகஸ் வைக்கும் குறி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலப்பக்க 4-க்கு வலப்புறம் இருந்தால் எட்டு, இடப்புறம் இருந்தால் ஏழு. விளம்பரப் படத்தில் அந்தப் பகுதி தெரியாவிட்டால், கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் தேநீர் நிறம் தெரிகிறதா? அப்படியானால் ஏழு. அதன் பின்பகுதிக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது. ஒளிவிலகல் எண்ணைக் கூட்டச் சேர்த்தது, பல பத்தாண்டுக் கதிர்வீச்சில் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடுகிறது. புற ஊதா ஒளி இதைச் சரிசெய்யும். லென்ஸின் பின்பக்கத்தை மேலே வைத்து, அபர்ச்சரை (இதழ்களால் ஆன ஒளித்துளை) முழுதாகத் திறந்து, அடியில் அலுமினியத் தாள் விரித்து, 365 முதல் 395 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கை இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் எரியவிடுங்கள். ஒரு வாரம்கூட ஆகலாம். எரியும் விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். மொட்டைமாடி வெயிலும் வேலை செய்யும், ஆனால் சூட்டில் கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களில் படியும். நான் விளக்கையே சொல்வேன். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பினால் மறுபடி செய்ய வேண்டியதுதான். தோரியக் கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ மட்டும் கூடவே கூடாது, தூள் உடம்புக்குள் போனால்தான் உண்மையான ஆபத்து.

வாங்கும்போது ஏ/எம் (தானியங்கி/கைமுறை அபர்ச்சர்) விசையை ஏ-யில் வைத்து, வளையத்தை எஃப்/16-க்குத் திருப்பி, பின்னாலுள்ள ஊசியை அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது இதழ்கள் சட்டென்று மூட வேண்டும், விட்டதும் சட்டென்று திறக்க வேண்டும்; தயங்கினால் எண்ணெய் படிந்திருக்கிறது. பிறகு டார்ச் அடித்துப் பூஞ்சை தேடுங்கள். மேலோட்டமான இழைகளைத் துடைக்கலாம், கோட்டிங்கை அரித்துவிட்டால் தடம் போகாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தோல் பையில் வைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பது போல. காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும்.

கழற்றுவதானால் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர) திருப்புளி வேண்டும். சாதாரண ஸ்டார் திருப்புளி ஜப்பானியத் திருகின் தலையைச் சிதைத்துவிடும்.

மிரர்லெஸ் கேமராவில் எம்42 (இந்த லென்ஸின் திருகு மவுண்ட்) அடாப்டரோடு போடும்போது விசை எம்-இல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் அபர்ச்சர் திறந்தே கிடக்கும். படம் எடுக்க மட்டும் என்றால், மஞ்சள் நீக்கிய ஏழு தாராளமாகப் போதும்.