அக்டோபர் விடுமுறைக்கு முகவர் மூலம் ரயில் சீட்டு எடுக்கும் ஆசிரியர்கள் கவனத்துக்கு: எங்கள் 8,600 யுவான் போன விதம்

சீனாவில் பணிபுரியும் வெளிநாட்டு ஆசிரியர்கள், குறிப்பாக இந்த ஆண்டுதான் வந்து சேர்ந்தவர்கள், விடுமுறைப் பயணத்துக்காக யாரிடமாவது பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று முன்தினம், 2025 அக்டோபர் 1ஆம் தேதி காலை, குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்தின் வாசலில் பெட்டிகளோடு நின்றபோதுதான் எங்கள் நால்வரின் 8,600 யுவான் பறிபோயிருப்பது தெரிந்தது.

நான் இங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உடன் வந்தவர்கள் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஓர் ஆசிரியத் தம்பதியும் தென்னாப்பிரிக்க ஆசிரியை ஒருவரும். தேசிய தினத்தோடு நிலா விழாவும் சேர்ந்து இந்த ஆண்டு எட்டு நாள் விடுமுறை கிடைத்ததால், யாங்ஷுவோ போய், 20 யுவான் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் லீ ஆற்று மலைகளை அருகிலுள்ள ஷிங்பிங் என்ற ஊரில் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அக்டோபர் 1ஆம் தேதிக்கான சீட்டு விற்பனை செப்டம்பர் 17 அன்று தொடங்கியபோது நாங்கள் வகுப்பில் இருந்தோம்; மதியம் பார்த்தபோது எங்களுக்கு ஏற்ற ரயில்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. இங்கே அரட்டைக்கும் பணம் அனுப்பவும் பயன்படும் வீசாட் செயலியின் குழுக்களில் வெளிநாட்டு ஆசிரியர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யும் ஒரு சிறு பயண முகவர், ரயில் சீட்டு, நான்கு இரவுத் தங்கல், மூங்கில் படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,150 யுவான் என்றார்.

நான் அவரை நம்பியது எந்த இடத்தில் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரும் சேர்ந்து பெயர் மிக நீளமாக இருக்கும். இந்த ஊரில் வங்கியிலிருந்து கைபேசிக் கடை வரை அதைப் பிழையில்லாமல் பதிந்தவர் யாருமில்லை. அந்த முகவர் மட்டும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, நான் தட்டச்சு செய்ததில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதையும் கண்டுபிடித்து, "ஓர் எழுத்து பிசகினாலும் லாவ்ஷியை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்" என்று எழுதினார். லாவ்ஷி என்றால் ஆசிரியர். இவ்வளவு கவனமாக வேலை செய்பவர் ஏமாற்ற மாட்டார் என்று எண்ணி, அன்று மாலையே 8,600 யுவானையும் அவருடைய சொந்தக் கணக்குக்கு வீசாட் வழியாக அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ரயில் எண், தேதி, நான்கு பெயர்கள், நான்கு கடவுச்சீட்டு எண்கள், எல்லாம் சரியாக இருந்தன. கீழே மூன்று சீன எழுத்துகள் இருந்தன. அவற்றின் பொருள் என்னவென்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நிலையத்தில் என் கடவுச்சீட்டைக் கருவியில் வைத்துப் பார்த்த பணியாளர் தலையை ஆட்டிவிட்டார். சீட்டு விற்கும் இடத்தில் இருந்த பெண் என் கைபேசியை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, அந்த மூன்று எழுத்துகளின் கீழே நகத்தை வைத்துக் காட்டினார். மொழிபெயர்ப்புச் செயலி சொன்ன பொருள், "நிறைவேறக் காத்திருக்கிறது". அது பயணச்சீட்டே அல்ல, காத்திருப்புப் பதிவு. அதற்கும் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், கட்டியவருக்கே அந்தப் பணத்தை ரயில்வே தானாகத் திருப்பிவிடும். அதாவது, எங்கள் சீட்டுப் பணம் அந்த முகவரிடமே திரும்பிப் போயிருக்கிறது. இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்திருந்தும், முதல் நாள் இரவு அவர் எங்களுக்கு "கடவுச்சீட்டை மறந்துவிடாதீர்கள்" என்று செய்தி அனுப்பினார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாசலிலிருந்தே அழைத்தேன். நாங்கள் தாமதமாக வந்துவிட்டோம் என்றார். ரயில் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றதும், கணினியில் கோளாறு என்றார். பிறகு, கணக்குப் பார்ப்பவர் விடுமுறையில் இருக்கிறார், 8ஆம் தேதிக்குப் பிறகு பேசலாம் என்றார். தங்குவிடுதிக்குப் பேசினோம், எங்கள் பெயரில் அங்கே அறையே பதிவாகவில்லை. அதைச் சொன்னபோது, ரயில்வேயின் ரத்துக் கட்டணம் 20 சதவீதம் போக மீதியைத் தருவதாகச் சொன்னார். எடுக்காத சீட்டுக்கு ரத்துக் கட்டணம்! மாலையில் நான் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி வந்தது. என்னைத் தடுத்துவிட்டார்.

நுகர்வோர் புகாருக்கான 12315 எண்ணில் அந்தக் கடையின் பதிவுப் பெயரைக் கேட்டார்கள். ரசீதாகிய ஃபாபியாவ் வாங்கியிருந்தால் அதில் இருந்திருக்கும்; நான் வாங்கவில்லை. 8,600 யுவானில் பாதி, ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கும் அந்தத் தம்பதியுடையது. எங்கள் நான்கு கடவுச்சீட்டுகளின் படங்களும் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சீன ரயில்வேயின் அதிகாரபூர்வ 12306 செயலியில் உங்கள் கடவுச்சீட்டைக் கொடுத்து நீங்களே கணக்குத் தொடங்கி, சீட்டையும் நீங்களே எடுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஃபாபியாவ் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வந்தால் சீன மொழி தெரிந்த சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, கடைசி எழுத்துவரை படிக்கச் சொல்லுங்கள். விடுதிக்கு நீங்களே தொலைபேசி செய்து உறுதிப்படுத்துங்கள். மற்றதை 8ஆம் தேதிக்குப் பிறகு எழுதுகிறேன். இப்போது காவல் நிலையத்துக்குப் புறப்பட வேண்டும்.